எந்த வேலையில் பட்ட காயம்?

பெரம்பலூரிலிருந்து சென்னை நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் வாலிகண்டபுரத்தைத் தாண்டியதும், மங்களமேட்டுக்கு அருகே ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக்கு உட்பட்ட ஜாகீர்தார் ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1751இல் வாலிகண்டபுரம் சண்டை நடந்தது இந்த வட்டாரத்தில்தான். செதுக்கி அடுக்கிய அதன் மதிலைப் பார்க்கும் எவருக்கும் இது கல்லை நம்பிப் பிழைக்கும் பூமி என்பது விளங்கிவிடும். கோட்டை கட்டிய காலம் போய்விட்டது. கல் வேலை போகவில்லை. குவாரிகளும் ஜல்லி கிரஷர்களும் இன்றும் இம்மாவட்டத்து மனிதர்களுக்குக் கூலி தருகின்றன. மானாவாரிக் காடுகளில் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகின்றன, கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயம் விளைகிறது. எறையூரில் சர்க்கரை ஆலை, நாரணமங்கலத்தில் டயர் தொழிற்சாலை. கிழக்கே அரியலூர்ப் பக்கம் போனால் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல். அதைத் தோண்டி, அரைத்து, சுடும் சிமென்ட் ஆலைகள்.

இந்த வேலைகள் ஒவ்வொன்றும் முகத்தைத் தேடி வரும் விதம் வேறு. கல் உடைக்கையில் தெறிக்கும் சில்லு கருவிழியில் ஏறும். கிணற்றை ஆழப்படுத்தும்போது வெடி வைத்த கல்லோ, மேலேறும் பக்கெட்டிலிருந்து நழுவிய கல்லோ தாடையை உடைக்கும். கதிரடிக்கும் இயந்திரத்தின் சுழலும் தண்டில் முந்தானையோ கூந்தலோ சிக்கினால் தலைத்தோலோடு நெற்றித் தோலும் உரியும். கரும்புத் தோகை கண்ணைக் கீறும். கறவை மாடு உதைத்தால் மூக்கெலும்பு முறியும். பட்டறையில் கட்டிங் வீல் உடைந்து பறந்தால் கன்னம் பிளக்கும். சிமென்ட் ஆலையின் முன்சூடேற்றும் கோபுரத்தில் அடைப்பு எடுக்கும்போது கொதிக்கும் கல்மாவு பீறிட்டு முகத்தைச் சுடும். சிமென்டும் சுண்ணாம்பும் காரத்தன்மை உடையவை என்பதால், கண்ணில் விழுந்தால் வலி அடங்கிய பிறகும் உள்ளே அரித்துக்கொண்டே போகும்.

சென்ற ஆண்டில் இவ்விரு மாவட்டங்களிலும் வேலை செய்யும்போது முகத்தில் காயம்பட்டவர்கள் எத்தனை பேர்? எந்த வேலையில் அதிகம்? எந்த மாதத்தில் அதிகம்? அவர்களில் எத்தனை பேருக்குப் பார்வை போயிற்று? எளிய கேள்விகள்தாம். ஆனால் வேலையையும் முகத்தையும் சேர்த்து எண்ணும் ஏற்பாடு நம் பதிவு முறைகளில் இல்லை. மருத்துவமனைகளில் கணினி வந்துவிட்டது, அன்றாடம் ஆயிரக்கணக்கான வரிகள் தட்டச்சாகின்றன. அந்த வரிகளுக்குள்ளேயே விடை கிடைக்குமா, கிடைக்காவிட்டால் எந்த இடத்தில் தவறுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் வேலை.

சட்டம் ஏற்கெனவே எண்ணச் சொல்லியிருக்கிறது

மருத்துவமனையைத் தவிர்த்துப் பார்த்தாலும் வேலை விபத்தைப் பதிவுசெய்யச் சட்டங்கள் இருக்கின்றன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆம் பிரிவு, விபத்தில் காயப்பட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாவிட்டால் நிர்வாகம் தகவல் தரவேண்டும் என்றது. அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு கண்ணுக்கென்றே எழுதப்பட்டது. துணுக்குகள் தெறிக்கும் வேலைகளில் தடுப்போ பாதுகாப்புக் கண்ணாடியோ கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். கல் குவாரி சட்டத்தின் பார்வையில் சுரங்கம். ஆகவே அது 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்கீழ் வந்தது. பெருங்காயங்களைத் தெரிவிக்கும் கடமை அங்கும் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு, அதிலும் விபத்து அறிக்கை தரவேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த 48 மணி நேர அளவையே வைத்திருக்கிறது.

அந்த 48 மணி நேரம் எலும்பு முறிவுக்குப் பொருந்தலாம், கண்ணுக்குப் பொருந்தாது. காலையில் கண்ணில் சில்லு விழுகிறது. மேஸ்திரி துணி முனையால் எடுத்துவிடுகிறார், அல்லது அருகிலிருக்கும் ஆஸ்பத்திரியில் எடுத்துச் சொட்டு மருந்து போட்டு அனுப்புகிறார்கள். மறுநாள் அந்த ஆள் வேலைக்கு வந்துவிடுவார். வராவிட்டால் கூலி இல்லை. சட்டத்தின் கணக்கில் அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. நாலைந்து நாள் கழித்து அதே கண் சிவந்து, வெள்ளை விழுந்து அவர் கண் டாக்டர் முன்னால் உட்காரும்போது அது நோயாகத்தான் பதிவாகும், விபத்தாகப் பதிவாகாது.

இன்னொரு பெரிய ஓட்டை, சட்டம் யாரைத் தொடுகிறது என்பதில் இருக்கிறது. பழைய சட்டப்படி மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. புதிய தொகுப்பு இதை 20 என்றும் 40 என்றும் உயர்த்திவிட்டது. மூன்று பேர் நிற்கும் வெல்டிங் பட்டறை, ஒரு குடும்பம் நடத்தும் கதிரடிக்கும் இயந்திரம், கிணறு வெட்டும் கூட்டம், சொந்த மாட்டைக் கறக்கும் பெண் என எவரும் இந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். ரஞ்சன்குடியைச் சுற்றியிருக்கும் ஊர்களில் முகம் உடையும் வேலைகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டவைதாம். இவர்களுடைய காயம் ஏதாவது ஓர் அரசுத் தாளில் ஏறவேண்டுமானால் அது மருத்துவமனைத் தாளாகத்தான் இருக்க முடியும். மருத்துவமனைப் பதிவின்மீது நான் இவ்வளவு அழுத்தம் வைப்பதற்குக் காரணம் இதுவே.

ஏ.ஆர். புத்தகத்தின் முதல் வரி

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையின் கேஷுவல்டிக்குள் காயத்தோடு நுழைபவரிடம் முதலில் கேட்கப்படுவது, ஏ.ஆர். போட்டாச்சா என்பதுதான். ஏ.ஆர். என்பது விபத்துப் பதிவேடு. பெயர், வயது, ஊர், அழைத்துவந்தவர், எப்போது, எங்கே, எப்படிக் காயம் பட்டதாகச் சொல்லப்படுகிறது என்ற ஒரு வாக்கியம், அதன்கீழ் காயங்களின் வரிசை. காவல் துறைக்குத் தகவல் போவது இதிலிருந்துதான். பின்னாளில் காயச் சான்றிதழ் கேட்டாலும், நீதிமன்றத்தில் வழக்கு வந்தாலும், இழப்பீடு கேட்டாலும் எல்லாரும் புரட்டிப் பார்ப்பது அந்த முதல் வாக்கியத்தை.

அந்த வாக்கியம் வளைவதற்குக் காரணங்கள் பல. தொழிலாளியைத் தூக்கி வருவது பெரும்பாலும் வேலை கொடுத்தவரின் வண்டி. எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டால் பதில் சொல்வதும் கூட வந்தவர்தான். தாடை உடைந்தவரால் பேச முடியாது. போலீஸ் விவகாரம் வேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற பேச்சு வழியிலேயே முடிந்திருக்கும். வீட்டில் தவறி விழுந்ததாக எழுதினால் எல்லாருக்கும் நிம்மதி. நோயாளியும் ஒத்துக்கொள்வார். அவருக்கு அடுத்த வாரம் மறுபடி அதே இடத்தில் வேலை வேண்டும்.

சிகிச்சைத் திட்டங்களும் தம்மையறியாமல் இந்த வாக்கியத்தை ஒரு பக்கமாக இழுக்கக்கூடியவை. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தனியார் மருத்துவமனையிலும் இலவசமாக்கியது. உயிர்களைக் காக்கும் நல்ல திட்டம் அது. ஆனால் குவாரியில் அடிபட்டவருக்கு அதற்கு இணையான கதவு திறக்கப்படவில்லை. ஒரு விபத்துக்கு உடனடி உதவியும் மற்றொன்றுக்கு விசாரணையும் காத்திருக்கும்போது பதிவு எந்தப் பக்கம் சாயும் என்பதைத் திட்டம் தீட்டுவோர் யோசிக்க வேண்டும்.

சாலையும் வேலையும் கலக்கும் இடம் இன்னும் சிக்கலானது. களை எடுக்கவும் வெங்காயம் பிடுங்கவும் பெண்களை ஏற்றிச் செல்லும் லோடு ஆட்டோ கவிழ்ந்தால் அது சாலை விபத்து. லாரி ஓட்டுநர் கண்ணாடியில் முகம் மோதினாலும் சாலை விபத்துதான். இரண்டும் வேலையால் வந்த காயங்கள். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தை வேலை விபத்தாகவே கொள்ளலாம் என்று இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010இல் 51ஈ பிரிவு சேர்க்கப்பட்டது. சட்டம் ஒப்புக்கொண்ட உறவை மருத்துவமனைப் பதிவு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

முகம் நான்கு துறைகளுக்குச் சொந்தம்

கை முறிந்தால் எலும்பு மருத்துவர் பார்ப்பார், ஒரே துறையில் ஒரே பதிவு. முகம் அப்படியில்லை. மூக்கெலும்பு காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகும். தாடையும் கன்ன எலும்பும் பல் மருத்துவத்தின் முகத்தாடை அறுவைப் பிரிவுக்குப் போகும். கண்குழியின் தரை உடைந்து இரட்டைப் பார்வை வந்தால் கண் பிரிவு. தோல் கிழிந்தால் பொது அறுவை சிகிச்சை, பெரிய ஊராக இருந்தால் பிளாஸ்டிக் சர்ஜரி. ஒரே கல் ஒரே மனிதரின் மூக்கையும் கண்ணையும் தாடையையும் தாக்கியிருந்தால் அவர் மூன்று புத்தகங்களில் மூன்று நோயாளியாக இருப்பார். எந்தப் புத்தகத்திலும் அவர் கிரஷரில் வேலை பார்த்தவராக இருக்கமாட்டார்.

ஊர்களுக்கு இடையிலும் இதே சிதறல். ரஞ்சன்குடிக்காரர் பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போகலாம், சிறுவாச்சூரிலுள்ள தனியார் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், அங்கிருந்து திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்படலாம். அரியலூர்ப் பக்கத்தாருக்கு 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க எண், போகும் இடமெல்லாம் ஒருவரைத் தொடர்ந்து அடையாளம் காட்டும் நோக்கத்தோடு 2021இல் நாடெங்கும் அறிவிக்கப்பட்டது. இரத்தம் வழியும் முகத்தோடு இரவில் வந்தவரிடம் யாரும் அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டிருக்கப்போவதில்லை. பின்னால் வார்டில் சேர்ந்த பிறகு கேட்டுப் பொருத்தலாம். பொருத்தாவிட்டால் ஒருவரே மூன்று பேராக எண்ணப்படுவார், அல்லது ஒருவராகக்கூட எண்ணப்படமாட்டார்.

எண் குறியீடுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-10இல் முகத்துக்கு நிறைய இடம் இருக்கிறது. எஸ்02.2 என்றால் மூக்கெலும்பு முறிவு, எஸ்02.3 கண்குழித் தரை, எஸ்02.4 கன்ன எலும்பும் மேல்தாடையும், எஸ்02.6 கீழ்த்தாடை. எஸ்05 கண்ணும் கண்குழியும். டி15.0 கருவிழியில் ஒட்டிய அந்நியப் பொருள். இவை என்ன உடைந்தது என்பதைச் சொல்கின்றன. எப்படி உடைந்தது என்பதற்கு இதே பட்டியலின் 20ஆம் அத்தியாயம் இருக்கிறது. பறந்தோ விழுந்தோ வந்த பொருள் தாக்கியதற்கு டபிள்யூ20, விவசாய இயந்திரத்துக்கு டபிள்யூ30, பட்டாசுக்கு டபிள்யூ39, மாடு போன்ற விலங்கு முட்டியதற்கோ கடித்ததற்கோ டபிள்யூ55. அதற்குப் பின் நடந்த இடம்: 6 என்றால் ஆலையும் கட்டுமானமும், 7 என்றால் வயல். அதற்கும் பின் நடந்தபோது செய்துகொண்டிருந்தது: 2 என்றால் வருமானத்துக்கான வேலை, 3 என்றால் வேறு வகை வேலை.

ஆக, நாம் தேடும் விடைக்கான பெட்டி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. அது நிரப்பப்படுவதில்லை. சிகிச்சைக்கும் காப்பீட்டுப் பணத்துக்கும் தேவைப்படுவது எஸ் வரிசை. அதை எழுதாமல் அறுவைச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்காது. டபிள்யூ வரிசையை எழுதாவிட்டால் எந்த வேலையும் நிற்காது, எழுதினாலும் எழுதியவருக்கு எதுவும் திரும்பி வராது. ஒரே மருத்துவர் நூறு பேரைப் பார்க்கும் இடத்தில் இந்த வரிசை முதலில் கைவிடப்படுவதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தொழில் என்ற கட்டம் மட்டும் பெரும்பாலும் நிரம்பியிருக்கும். அதில் ஆணுக்குக் கூலி என்றும் பெண்ணுக்கு ஹவுஸ் ஒய்ஃப் என்றும் இருக்கும். கூலி என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் குவாரித் தொழிலாளியும், சிமென்ட் மூட்டை இறக்குபவரும், கிணறு வெட்டுபவரும், கரும்பு வெட்டுபவரும் அடங்கிவிடுகிறார்கள். பெண்களின் நிலை இதைவிட மோசம். காலையில் மாடு கறந்து, பகலில் களை எடுத்து, மாலையில் மக்காச்சோளம் அடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவரின் முகம் கிழிந்து வந்தாலும் அவர் இல்லத்தரசி. அவருடைய காயம் வீட்டு விபத்துகளின் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். வேலையால் வரும் முகக் காயம் ஆண்களுக்கே அதிகம் என்ற முடிவு இந்தப் பதிவுகளிலிருந்து வந்தால் அதை நான் நம்பமாட்டேன்.

மதுரையில் எண்ணிப் பார்த்தது

பதிவேடுகளிலிருந்து இப்படிப்பட்ட விடையை எடுக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. கருவிழிப் புண் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று 1993ஆம் ஆண்டுக்கு மதுரை மாவட்டத்தில் கணக்கெடுத்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனை சார்ந்த ஆய்வாளர்களின் அந்த முடிவு 1996இல் வெளியானது: ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் கண்ட அளவைவிட இது பத்து மடங்கு. அடுத்து, 1994 ஜனவரி முதல் மார்ச் வரை கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஒருவர் விடாமல் ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேர், அதாவது 65.4 சதவீதத்தினர், முன்னதாகக் கண்ணில் அடிபட்டதாகச் சொன்னார்கள். இது 1997இல் வெளியானது. கிருமி வளர்ந்த மாதிரிகளில் ஏறக்குறைய பாதி பூஞ்சையால் வந்தவை. நெல்லும் தோகையும் முள்ளும் மண்ணும் கண்ணைக் கீறி, கூடவே பூஞ்சையையும் விட்டுச்செல்லும் நாட்டுப்புறத்துக் கண்ணோய் இது.

இந்த எண்ணிக்கை அலமாரியில் தூங்கவில்லை என்பதே எனக்கு முக்கியம். நேபாளத்தின் பக்தபூரில் கிராமத் தொண்டர்களைக் கொண்டு, கண்ணில் கீறல் பட்டவுடன் குளோராம்பெனிகால் களிம்பு போடச் செய்தார்கள். அந்த முடிவு 2001இல் வந்தது. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்த ஒருவருக்கும் புண் வரவில்லை. 24 மணி நேரம் கடந்து, 48 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் புண் வந்துவிட்டது. அதே முறையை மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலும் செய்து பார்த்து 2006இல் எழுதினார்கள். ஒரு மாவட்டம் எண்ணியது, நோயின் காரணம் தெரிந்தது, சில ரூபாய்க் களிம்பு எத்தனை கண்களைக் காப்பாற்றும் என்று சொல்ல முடிந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 18 மணி, 24 மணி என்று பிரித்துச் சொல்ல முடிந்தது, அடிபட்ட நேரத்தையும் வந்த நேரத்தையும் தனித்தனியாக எழுதியதால்தான். நம் ஓ.பி. சீட்டில் வந்த தேதி இருக்கும், அடிபட்ட நேரம் இருக்காது. அந்த ஒரு கட்டம் இருந்தாலே, எந்த ஊரிலிருந்து ஆட்கள் தாமதித்து வருகிறார்கள், எந்த ஊரில் துணி முனையும் தாய்ப்பாலும் முதல் மருந்தாக இருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

முகத்தாடைக் காயங்களைப் பொறுத்தவரை பெரிய அளவில் எண்ணியவர்கள் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் மருத்துவர்கள். பத்தாண்டுகளில் வந்த 9,543 பேரின் பதிவை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். வீட்டிலும் அன்றாட நடமாட்டத்திலும் பட்டவை 38 சதவீதம், விளையாட்டில் 31, அடிதடியில் 12, சாலையில் 12, வேலையில் 5. இந்தியாவில் இப்படிப்பட்ட ஆய்வுகளில் சாலை விபத்தே முதலிடம் பிடிக்கும், வேலை ஒரு மூலையில் நிற்கும். நம் ஆய்வுகள் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துசேர்ந்த எலும்பு முறிவுகளை எண்ணுகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. கிரஷர் சில்லும் தோகைக் கீறலும் எலும்பை முறிப்பதில்லை. கண்ணைச் சேர்த்து எண்ணினால் வேலையின் பங்கு எங்கே நிற்கும் என்பதை மதுரைக் கணக்கு காட்டுகிறது.

கணினி எதைத் தேட வேண்டும்

பெட்டிகள் காலியாக இருந்தாலும் வாக்கியங்கள் இருக்கின்றன. நம் மருத்துவர்கள் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். நோயாளி தமிழில் சொன்னதை அந்த நிமிடமே மனத்துக்குள் மொழிபெயர்த்து எழுதுகிறார்கள். கிரஷர், குவாரி, தோட்டா, ஜே.சி.பி., கட்டிங் வீல், திரஷர், டிராக்டர், மாடு, தோகை போன்ற சொற்கள் அந்தக் குறிப்புகளில் பல எழுத்துக்கூட்டல்களில் கிடக்கும். இவற்றைப் பட்டியலாக்கி, எஸ் வரிசைக் குறியீடு உள்ள பதிவுகளில் தேடச் சொன்னால் கணினி ஒரு குவியலை எடுத்துத் தரும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் விக்டோரியாவிலும் அவசரப் பிரிவுக் குறிப்புகளைக் கொண்டு காயங்களைக் கண்காணிக்கத் தனி அமைப்புகளே இருக்கின்றன. அமெரிக்காவில் மாதிரியாகத் தேர்ந்த மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுப் பதிவுகளிலிருந்து வேலைக் காயங்களைப் பிரித்தெடுத்து நாட்டுக்கே மதிப்பீடு செய்கிறார்கள். அங்கேயும் பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்து குறிப்புகளைப் படிக்கிறார். மனிதர் படிக்காத பதிவை இயந்திரம் மட்டும் படித்து விடை சொல்லிவிடும் என்று எதிர்பார்ப்பது வீண். வேறு நாட்டுக் குறிப்புகளில் பழகிய மென்பொருளுக்குக் கிணற்றுத் தோட்டா என்றால் என்னவென்று தெரியாது. பெரம்பலூர்க் குறிப்புகளைப் பெரம்பலூரில் உட்கார்ந்து படித்துத்தான் முதல் பட்டியலைச் செய்ய முடியும்.

எடுத்த குவியலை அப்படியே நம்பவும் கூடாது. தேடலில் சிக்கியவற்றில் ஒரு பகுதியை எடுத்துப் படித்தால், அவற்றில் எத்தனை உண்மையில் வேலைக் காயம் என்பது தெரியும். தேடலில் சிக்காதவற்றிலிருந்தும் ஒரு பகுதியைப் படிக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலை சலிப்பூட்டுவது, அதனால் பலரும் செய்யாமல் விடுவது. தவறி விழுந்ததாக எழுதப்பட்ட ஆள் யார் என்று அதைச் செய்தால்தான் தெரியவரும். தாடை உடைந்தவர் மறுபரிசோதனைக்குத் தனியே வரும் நாளில், கூட யாரும் இல்லாதபோது, பல் மருத்துவர் கேட்டால் உண்மை வரும். ஆகவே வேலை பற்றிய கேள்வியை இரண்டாம் முறையாக அங்கே வைக்கலாம்.

விட்டுப்போனதை மதிப்பிட ஒரு நல்ல வழி நம் நாட்டிலிருந்தே உலகுக்குப் போயிருக்கிறது. மக்கள்தொகை அறிஞர் சி. சந்திரசேகரன், புள்ளியியலாளர் டெமிங்கோடு சேர்ந்து 1949இல் எழுதிய கட்டுரை, கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு செய்தது. ஒன்றையொன்று சாராத இரண்டு பட்டியல்கள் இருந்தால், இரண்டிலும் உள்ளவர்களை வைத்து இரண்டிலும் இல்லாதவர்களை மதிப்பிடலாம். கணக்குக்காக ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம். மருத்துவமனைப் பட்டியலில் 60 பேர், தொழிலகப் பாதுகாப்புத் துறைப் பட்டியலில் 20 பேர், இரண்டிலும் இருப்பவர்கள் 12 பேர். அறுபதை இருபதால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் 100. இரண்டு பட்டியலையும் சேர்த்தால் வெவ்வேறு ஆட்கள் 68 பேர்தான்; 32 பேர் எவர் கண்ணிலும் படவில்லை. ஒரு பட்டியலில் இருப்பது இன்னொன்றில் இருக்கும் வாய்ப்பை மாற்றக் கூடாது என்பது இதன் நிபந்தனை. போலீஸ் பயத்தில் இரண்டிலிருந்தும் ஒதுங்கியவர்கள் இருந்தால் உண்மை எண்ணிக்கை இன்னும் கூடும்.

முதல் வரிக்கு நூறு சதவீத விலை

இது வெறும் புள்ளிவிவர ஆசை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, முகம் மிகக் கடுமையாகச் சிதைவதை நூறு சதவீத உழைப்புத் திறன் இழப்பாக வைத்திருந்தது. இரண்டு கையும் போனவருக்கும் இரண்டு கண்ணும் போனவருக்கும் சமமான இடம் அது. ஒரு கண்ணை இழந்து மற்றது நன்றாக இருந்தால் 40 சதவீதம், கண் இருந்து பார்வை மட்டும் போனால் 30 சதவீதம். அச்சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. முகம் சிதைந்த மனிதரை யாரும் வேலைக்கு அழைக்கமாட்டார்கள் என்பதை உணர்ந்து எழுதிய விதி அது. அதைக் கேட்டுப் பெற வேண்டுமானால் காயம் வேலையில் பட்டது என்று காட்ட வேண்டும். காட்டும் முதல் சான்று ஏ.ஆர். புத்தகத்தின் முதல் வாக்கியம். வீட்டில் விழுந்ததாக அன்றிரவு எழுதப்பட்டிருந்தால், பிற்பாடு எத்தனை வக்கீல் வந்தாலும் அந்த வரி எதிரில் நிற்கும்.

பெரிய விபத்துக்கு இந்தக் கதி நேர்வதில்லை. 2023 அக்டோபர் 9 அன்று அரியலூர் மாவட்டம் விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் இறந்தபோது அமைச்சர்கள் வந்தார்கள், நிவாரணம் அறிவிக்கப்பட்டது, வழக்கு பதிவானது. அங்கே யாரும் வீட்டில் விழுந்ததாக எழுத முடியாது. உலகத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு 39.5 கோடித் தொழிலாளர்கள் உயிர் போகாத காயம் அடைகிறார்கள். ஒரு நாளில் ஓர் ஊரில் ஒரு கண் என்ற விகிதத்தில் நடப்பதை எந்தச் செய்தியாளரும் தேடி வரமாட்டார்.

அதே சமயம் அந்த வரி தொழிலாளிக்கு எதிராகவும் திரும்பலாம், அதை மறைக்கக் கூடாது. ரஞ்சன்குடி, கிரஷர், இடக்கண் என்று மூன்று சொல் வெளியே போனாலே ஊரில் எல்லாருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும், பெயரே வேண்டாம். யார் காட்டிக்கொடுத்தது என்ற பேச்சு கிளம்பும், வேலை போகும். 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பெயரைக் காக்கலாம், சின்ன ஊரின் வாயைக் கட்டாது. ஆகவே வெளியிடும் எண்ணிக்கை ஒன்றிய அளவுக்குக் கீழே போகக் கூடாது. பெரம்பலூர் மாவட்டத்தில் பெரம்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர் என்று நான்கு ஒன்றியங்கள். அந்த அளவில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேலை வகையோடு கொடுத்தால் போதும். அதற்கும் கீழான விவரம் மருத்துவமனைக்குள்ளேயே இருக்கட்டும். ஏ.ஆர். தகவல் காவல் துறைக்குப் போகும் பாதையும் இந்தக் கணக்கு போகும் பாதையும் வேறாக இருக்க வேண்டும், அது நோயாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்விரு மாவட்டங்களில் இதைத் தொடங்குவதற்குப் புதிய மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. பெரம்பலூர்த் தலைமை மருத்துவமனை, அரியலூர் மருத்துவக் கல்லூரி ஆகியவற்றின் கேஷுவல்டி, கண், பல், காது மூக்கு தொண்டை என்ற நான்கு மேசைகளிலும் மூன்று கேள்விகளைச் சேர்த்தால் போதும்: அடிபட்டபோது என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள், அந்த வேலை யாருடையது, எத்தனை மணிக்கு அடிபட்டது. இரண்டாவது கேள்விக்கு முதலாளியின் பெயர் வேண்டாம்; சொந்த வேலையா, கூலி வேலையா, ஒப்பந்தக்காரர் மூலமா என்பது போதும். வீட்டுப் பெண் சொந்த மாட்டைக் கறந்தபோது உதைபட்டாலும் அது வேலை என்றே எழுதப்பட வேண்டும். கேள்வியைக் கேட்கவேண்டியது சீட்டுப் போடும் ஊழியரோ செவிலியரோ. தையல் போடும் மருத்துவரின் தலையில் இதையும் கட்டினால் ஒரு மாதத்தில் நின்றுவிடும்.

தொடங்கும் காலமும் முக்கியம். மார்கழி, தை மாதங்களில் மக்காச்சோளம் அடிப்பார்கள், கரும்பு வெட்டும் அந்தச் சமயத்தில் நடக்கும். சித்திரையில் தண்ணீர் கீழே போனதும் கிணறுகளை ஆழப்படுத்துவார்கள். கல் வேலைக்குப் பருவம் கிடையாது. மூன்று மாதம் எண்ணிவிட்டு நிறுத்தினால் குவாரிக் காயம் மட்டும் தெரியும், அல்லது வயல் காயம் மட்டும் தெரியும். ஒரு முழு ஆண்டு எண்ணினால்தான் எந்த ஒன்றியத்தில் எந்த மாதம் களிம்பும் பாதுகாப்புக் கண்ணாடியும் முன்கூட்டியே போய்ச்சேர வேண்டும் என்பது தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்கள் இரத்த அழுத்த மாத்திரையோடு வீடுவீடாகப் போகிறார்கள். அவர்கள் பையில் ஒரு களிம்புக் குழாய்க்கு இடம் இருக்கிறது. கதிரடிக்கும் இயந்திரத்தின் தண்டுக்கு மூடி போடச் சொல்லும் அதிகாரம் 1983ஆம் ஆண்டு அபாயகரமான இயந்திரங்கள் சட்டத்தில் அன்றே கொடுக்கப்பட்டது. எந்த இயந்திரத்துக்கு முதலில் போடவேண்டும் என்று கேட்கும் அதிகாரிக்குக் காட்ட, வேப்பந்தட்டை ஒன்றியத்தின் ஒரு வருடக் கணக்கு கையில் இருக்க வேண்டும்.